பதினான்காம் எண் கிணறு

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம், என் பொறுமையைத் தவிர. நீயும் உன் முழங்காலும் எப்படி இருக்கிறீர்கள்? போனிலேயே கேட்கலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்ததும் உனக்கு எங்கிருந்தோ சிக்னல் போய்விடுகிறது. கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது பார். அதனால் இனிமேல் கடிதம்தான். பதிலும் கடிதமாகவே வரட்டும்.

விஷயம் இதுதான். இந்த டிசம்பரோடு சுரங்கத்தை மூடுகிறோம் என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், போன வாரம் நகராட்சிச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். இன்னும் பதினான்கு வருடம் தோண்டப்போகிறார்களாம். கால நீட்டிப்பாம். அதற்கான ஆய்வறிக்கையை நூலகத்தில் பார்வைக்கு வைத்திருக்கிறார்களாம். ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி சமுதாயக் கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். யாருக்கு என்ன சொல்ல வேண்டுமோ வந்து சொல்லலாமாம். என்னே பெருந்தன்மை!

எனக்கு இதில் ஏன் வயிறு எரிகிறது என்று உனக்குத் தெரியும். குழிக்குள் ஊறுகிற தண்ணீரையெல்லாம் உன் அத்தான் பம்ப் ஹவுஸில் உட்கார்ந்து முப்பது வருடமாக இறைத்து வெளியே விடுகிறார். அவர் இறைக்க இறைக்க ஊரில் ஒவ்வொரு கிணறாகக் காய்ந்தது. நம் கிணறும்தான். "பம்பை நிறுத்தினா ரெண்டு மூணு வருஷத்துல ஊத்து திரும்பிடும்" என்று ஒரு இஞ்சினியர் சொன்ன நாளிலிருந்து இந்த டிசம்பருக்காகவே நான் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். லாரித் தண்ணீரில் துவைத்துத் துவைத்து வெள்ளை விரிப்பெல்லாம் பழுப்பேறிவிட்டது. என் விரலிடுக்கெல்லாம் வெடிப்பு. சலவைக்கடை வைத்திருப்பவளுக்கு நல்ல தண்ணீர் கேட்க உரிமை இல்லையா?

கிணறு என்று சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. அது இப்போது தொட்டி. நாலு வருடத்துக்கு முன் நீ லீவில் வந்தபோது உன் அத்தானும் நீயும் இறங்கி அடியில் சிமெண்ட் பூசினீர்களே, அன்றிலிருந்து சுரங்கத்து லாரி வந்து அதில் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போகிறது. நான் மோட்டார் போட்டு எடுத்துத் துவைக்கிறேன்.

நீ வரைபட ஆபீசில் வேலை பார்க்கிறவன். இந்த மாதிரி அறிக்கைகளெல்லாம் உன் ஆபீஸ் பக்கம் வந்துபோகும் அல்லவா? ஆட்சேபணை எப்படி எழுத வேண்டும், யாருக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு பக்கம் எழுது. அதிகம் கேட்கவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன், சின்ன வயதுப் பழக்கம். அத்தானுக்கு இருமல் தேவலையா? முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. எங்கள் ஆபீஸ் லிஃப்ட் மூன்று வாரமாக வேலை செய்யவில்லை. ஐந்தாம் மாடி. யோசித்துப் பார்.

லாரித் தண்ணீருக்கு இப்போது நல்ல வடிகட்டிகள் வந்திருக்கின்றன. ஒன்று வாங்கி மோட்டார் குழாயில் பொருத்திவிட்டால் துணி பழுப்பேறாது. விசாரித்து எழுதுகிறேன். கைக்கு உறை போட்டுக்கொள் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

சுரங்க விஷயத்தில் நீ ரொம்ப மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளாதே. அத்தானுக்கு முழுப் பென்ஷன் வர இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருக்கிறது. சுரங்கம் ஓடினால் அதுவும் நல்லபடியாக முடியும். உன் கடைக்கு வருகிற துணியில் முக்கால்வாசி அங்கே இருந்துதானே வருகிறது? மூடிவிட்டால் யாருடைய சட்டையைத் துவைப்பாய்?

ஆபீசில் வேலை அதிகம். இந்த வருடம்தான் என்னை நிரந்தரமாக்கியிருக்கிறார்கள். அதனால் தலைக்கு மேல் வேலை. இங்கே நல்ல குளிர். நீ பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர் கைகொடுக்கிறது.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 11

தம்பிக்கு,

நிரந்தரமானதற்கு வாழ்த்துகள். அதை இப்படியா போகிறபோக்கில் சொல்வது? இங்கே சுகம். உன் அத்தானின் இருமல் எங்களோடு ஒரு குடும்ப உறுப்பினராகவே ஆகிவிட்டது.

நான் கேட்டது என்ன, நீ எழுதியது என்ன? ஆட்சேபணை எப்படி எழுதுவது என்று கேட்டால் லிஃப்ட் ஓடவில்லை என்கிறாய். உன் ஆபீசுக்கு அந்த அறிக்கை வந்ததா இல்லையா என்பதற்கு ஒரு வரி கிடையாது. சரி, உன்னை நம்பிப் பலன் இல்லை என்று நானே நூலகத்துக்குப் போனேன். முந்நூற்று எண்பது பக்கம். மேசையோடு சங்கிலி போட்டுக் கட்டிவைத்திருக்கிறார்கள், யாரோ ஆசைப்பட்டுத் திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம் போல. ஈரக்கையோடு தொடாதே என்று நூலகர் வேறு அதட்டினார். என் கை எப்போது காய்ந்திருக்கிறது?

தம்பி, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நம் கிணறு இருக்கிறது. எண் பதினான்கு. 'சலவைக்கடைப் பின்புறம், குழியின் விளிம்பிலிருந்து மிக அருகில் உள்ள கிணறு' என்று போட்டிருக்கிறார்கள். மூன்று வருடத்தில் அதில் தண்ணீர் இரண்டடி ஏறியிருக்கிறதாம். குழிக்குப் பக்கத்துக் கிணற்றிலேயே தண்ணீர் ஏறுவதால், இறைப்பதால் ஊர் நிலத்தடி நீருக்கு ஒரு குறையும் இல்லை, இன்னும் பதினான்கு வருடம் தாராளமாக இறைக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள்.

முதலில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நூலகர் முறைத்தார். ஏறாதா பின்னே? முதலில் வாரத்துக்கு ஒரு லாரி கொட்டினார்கள், இப்போது இரண்டு! குழியில் இறைத்த தண்ணீரையே லாரியில் கொண்டுவந்து என் கிணற்றில் ஊற்றி, அதையே நாடா விட்டு அளந்து, தண்ணீர் குறையவில்லை என்கிறார்கள். நல்லா இருக்குடா நியாயம்!

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. மாதாமாதம் முதல் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒருவர் நாடாவோடு வருவார். நல்ல மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பின்கட்டுக்கு வருவார். லாரியும் செவ்வாய்க்கிழமை விடிந்ததும் வந்து கொட்டிவிட்டுப் போயிருக்கும். முதல் தடவை அவர் வந்தபோது, "தண்ணி இருக்காம்மா?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எட்டிப் பாருங்க சார், எங்க வீட்டுக்குப் பேரே கிணத்து வீடு" என்று சொன்னேன். டீ வேறு போட்டுக் கொடுத்தேன். எல்லார் கிணறும் வற்றிக்கொண்டு வருகிற ஊரில் நம் கிணற்றில் தண்ணீர் தெரிகிறதே என்று எனக்கு ஒரு அற்பப் பெருமை. லாரித் தண்ணீர் என்று சொல்ல நாக்கு வரவில்லை. என்னத்துக்கு அளக்கிறார் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. என் வாயால் வந்த வினை.

இப்போது கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி, அடியில் சிமெண்ட் போட்டது யார் என்பது. அதற்கடுத்த கேள்வி, சிமெண்ட் ஏது என்பது. பதினோரு மூட்டையும் பம்ப் ஹவுஸ் சிமெண்ட் என்று உனக்கும் எனக்கும் உன் அத்தானுக்கும்தான் தெரியும். வெளியே வந்தால் அவருக்கு வேலையும் போகும், பென்ஷனும் போகும். சொல்லாவிட்டால் ஊருக்குத் தண்ணீர் போகும். நான் என்ன செய்யட்டும்? இந்தத் தடவையாவது கேட்ட கேள்விக்குப் பதில் எழுது.

குளிரில் வெளியே அலையாதே.

அக்கா


மார்ச் 2

தம்பி,

உயிரோடுதான் இருக்கிறாயா? மூன்று வாரமாகத் தபால்காரரை வாசலில் மறித்து மறித்து, அவர் இப்போது எதிர்ப்பக்கமாக நடந்துபோகிறார்.

உன் அத்தானிடம் சொன்னேன். "சும்மா இரு" என்றார். அதற்குமேல் கேட்டேன். "சும்மா இருன்னு சொன்னேன்ல" என்றார். கல்லுளிமங்கன். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் பேசியதைவிட அந்த மூன்றாம் நம்பர் மோட்டாரிடம் பேசியதுதான் அதிகம்.

நான் நூலகத்துக்குப் போய்வருவது ஊருக்குத் தெரிந்துவிட்டது. முனைக் கடை டீக்காரர் கேட்டார். "ஏம்மா, குழியை மூடிட்டா நான் யாருக்கு டீ ஆத்துவேன்? சொல்லு, கேக்கறேன்." அவர் கேட்டதில் தப்பு இல்லை. தப்பில்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

உடம்பு சரியில்லை என்றால் அதையாவது எழுது.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு சரியில்லைதான். காய்ச்சல். இப்போது தேவலை. நீ கவலைப்படாதே.

கிணற்று விஷயத்தை விட்டுவிடு. நிதானமாக யோசித்துப் பார். அளந்தது மொத்தம் இருபத்திரண்டு கிணறு. அதில் ஒன்று கூடக்குறைய இருந்தால் அறிக்கை மாறிவிடுமா என்ன? நீ எழுந்து பேசினாலும் அதிகாரிகள் குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அத்தானின் பிழைப்புதான் கெடும். முப்பது வருடம் உழைத்தவரைக் கடைசி நேரத்தில் இப்படிச் சந்தியில் நிறுத்துவது உனக்கே அடுக்குமா?

வடிகட்டி விலை விசாரித்தேன். அடுத்த மாதம் நானே வாங்கி அனுப்புகிறேன். என் பரிசாக இருக்கட்டும்.

உன் கையைப் பார்த்துக்கொள். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


மார்ச் 16

தம்பிக்கு,

சுகம் விசாரிக்க இன்று எனக்கு மனசில்லை. அடுத்த கடிதத்தில் சேர்த்து விசாரிக்கிறேன்.

மொத்தம் இருபத்திரண்டு கிணறு என்று நான் உனக்கு எழுதவே இல்லை. என் கடிதத்தை எடுத்துப் படித்துப் பார். பதினான்காம் எண் என்று மட்டும்தான் எழுதினேன். இருபத்திரண்டு என்று உனக்கு யார் சொன்னது?

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேராக நூலகத்துக்குப் போனேன். அன்றைக்குப் பார்க்காமல் விட்ட வரைபடங்கள் பின்னட்டைப் பையில் மடித்துச் செருகியிருந்தன. ஒவ்வொன்றாக விரித்தேன். கிணறுகளின் படம் கடைசியில் இருந்தது. இருபத்திரண்டு கோடு. பதினான்காவது மட்டும் நீல மையில், ஜம்மென்று மேலே ஏறிக்கொண்டு போகிறது. அழகான கோடு. யார் போட்டதோ என்று வலதுபக்க மூலையைப் பார்த்தேன். நாலாம் வகுப்பிலிருந்து நீ போடுகிற மீன்வால் கையெழுத்து! என் நோட்டு அட்டையிலெல்லாம் கிறுக்கி வைத்து அடி வாங்கினாயே, அதே வால்.

அடப்பாவி.

நான் ஆட்சேபணை எழுத உன்னிடம் யோசனை கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ லிஃப்ட் ஓடவில்லை என்று எழுதிக்கொண்டிருக்கிறாய். நீயே கலவை சுமந்து இறங்கிப் பூசிய கிணறு. அதில் ஊற்று இல்லை என்று உனக்குத் தெரியாதா? கையில் பேனாவைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோட்டை மேலே இழுக்கும்போது உனக்கு என்னதான் தோன்றியது? அதை மட்டும் எழுது. வடிகட்டி எனக்கு வேண்டாம்.

அக்கா


மார்ச் 24

அக்காவுக்கு,

காய்ச்சல் என்று எழுதியது பொய். முழங்கால் வலி மட்டும் நிஜம்.

போன வருடக் கடைசியில் அந்தக் கிணற்று அளவு அட்டவணை என் மேசைக்கு வந்தது. முதலில் எனக்கு உறைக்கவில்லை. பதினான்காம் எண்ணின் இடத்தைப் படத்தில் குறிக்கும்போதுதான், சலவைக்கடை, பின்புறம் என்று படித்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நம்பு, அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். முதலில் அத்தானைத்தான் நினைத்தேன். இது தொட்டி, கிணறு இல்லை என்று நான் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். அப்புறம் சிமெண்ட் கதைதான். சரி, அத்தானுக்காக வாயை மூடிக்கொள்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் மேலாளர் வந்து படத்தைப் பார்த்தார். நீலக் கோட்டில் விரலை வைத்து, "பிரமாதம், இது ஒண்ணு போதும்" என்று தட்டிக்கொடுத்தார். அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்கினார்கள். அதன் பிறகு அத்தானுக்காக வாயை மூடினேனா, எனக்காக மூடினேனா என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்துப் பார்க்கப் பயமாக இருந்தது.

ஒரு கிணற்றால் என்ன மாறும் என்று எழுதினேன் அல்லவா, அதுவும் பொய். மற்ற இருபத்தொரு கோடும் இறங்கிக்கொண்டுதான் போகின்றன. அவை இறங்குவதற்குக் காரணம் மழை குறைந்தது என்று எழுதினோம். குழியால் இறங்கியிருந்தால் குழிக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற பதினான்குதானே முதலில் இறங்கியிருக்க வேண்டும், அது ஏறுகிறதே என்று காட்டினோம். உன் கிணற்றை எடுத்துவிட்டால் அந்த அறிக்கை நிற்காது, அக்கா.

இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. உன் சுகம் விசாரிக்கும் தகுதி இப்போது எனக்கு இருக்கிறதா என்றும் தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். கை எப்படி இருக்கிறது?

தம்பி


ஏப்ரல் 6

மச்சானுக்கு,

உங்கள் அக்காவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஷிஃப்ட் புத்தகத்தில் மோட்டார் ஓடுகிறது, மோட்டார் நின்றது என்பதைத் தவிர வேறெதுவும் எழுதியதில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நலம்தானே?

அவள் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. சண்டை போட்டாலாவது பரவாயில்லை. துணியை அடிக்கிற அடியில் சட்டைகளுக்குப் பட்டன் இருப்பதில்லை. நேற்று ஃபோர்மேன் என்னிடம், "என்னய்யா, உங்க வீட்டுக்கு வந்த சட்டைக்கெல்லாம் பட்டனே காணோம்?" என்று கேட்டார். நான் என்ன சொல்ல?

எனக்கு இரண்டு வருடம் பாக்கி. டிசம்பரில் மூடினால் அரைப் பென்ஷன். நீட்டித்தால் முழுசு. சிமெண்ட் விஷயம் வெளியே வந்தால் ஒன்றும் கிடையாது. அந்தச் சிமெண்ட் மழையில் நனைந்து கட்டிபட்டு மூலையில் கிடந்ததுதான். இருந்தாலும் எடுத்தது எடுத்ததுதான், அதற்கு நான் நியாயம் பேசவில்லை. வெடித்த கையோடு அவள் குடம் தூக்கித் தூக்கித் துவைத்ததைப் பார்க்க முடியாமல் செய்தேன்.

உங்கள் பேச்சைத்தான் அவள் கொஞ்சம் கேட்பாள். கூட்டத்துக்குப் போக வேண்டாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை எழுதவும். கம்பெனியில் எங்களையெல்லாம் பஸ் வைத்து அழைத்துப்போகிறார்கள், ஆதரவுக்கு உட்கார வேண்டுமாம். அவள் எழுந்து நிற்பதை நான் எதிரே உட்கார்ந்து எப்படிப் பார்ப்பது?

தண்ணீர் ஏறியதாக நீங்கள் படம் போட்டிருப்பதாகச் சொன்னாள். நான் அதைப் பார்க்கவில்லை. பார்க்க விருப்பமும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
அத்தான்


ஏப்ரல் 15

அக்காவுக்கு,

அத்தான் எழுதியிருக்கிறார். நான் உன்னைத் தடுக்க வேண்டுமாம். இத்தனை நடந்த பிறகு உன்னைத் தடுக்க எனக்கு எந்த முகம் இருக்கிறது?

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். பதினான்காம் எண் கிணறு ஒரு தொட்டி என்று எனக்கு முன்பே தெரியும், தெரிந்தே வரைந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சிமெண்ட் நான் கடையில் வாங்கிக் கொடுத்தது என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். இதைக் கூட்டத்தில் வாசித்துவிடு. அத்தான் பெயரே வராது. எனக்கு இங்கே வேலை போகும். போகட்டும், எனக்கு வயசிருக்கிறது.

போகும்போது குடை எடுத்துக்கொண்டு போ. வெயில் ஏறியிருக்கும்.

தம்பி


மே 6

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம் என்று எழுத முடிகிறது, ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. உன் முழங்காலுக்கும் சேர்த்தே விசாரிக்கிறேன், போன கடிதப் பாக்கி அது.

உன் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். நான் அதை வாசிக்கவில்லை. ஒரு பொய்யைத் துடைக்க இன்னொரு பொய்யா? சிமெண்ட் வரியை அடித்துவிட்டு, மிச்சத்தை நீயே உன் மேலாளர் மேசையில் கொண்டுபோய் வை. அது உன் வேலை. அதை என் தலையில் கட்டாதே.

நடந்ததைச் சொல்கிறேன். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே லாரிக்காரரிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இருந்த தண்ணீரில் துவைத்துத் தீர்த்தேன். கடைசி நாள் மோட்டார் காற்றை இழுத்துக் கத்தியது. எட்டிப் பார்த்தால் உங்கள் சிமெண்ட் தரை பளிச்சென்று தெரிந்தது. உன் கால் தடம்கூட ஒன்று அப்படியே இருக்கிறது. ஈரம் காயுமுன் மிதித்துவிட்டு உன் அத்தானிடம் திட்டு வாங்கினாயே, அது.

சமுதாயக் கூடத்தில் இடமே இல்லை. சுரங்கத்து ஆட்கள் முன்னால் எட்டு வரிசை. எல்லோர் மேலும் நான் துவைத்துத் தேய்த்த சட்டை. என் இஸ்திரி மடிப்பெல்லாம் எனக்கு எதிராக வரிசை கட்டி உட்கார்ந்திருந்தது. பாதிப் பேருக்கு மேல்பட்டன் கிடையாது, அது வேறு விஷயம். உன் அத்தான் ஆறாவது வரிசை ஓரத்தில். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். டீக்கடைக்காரர் எழுந்து பிழைப்பைப் பற்றிப் பேசினார். நன்றாகத்தான் பேசினார், நானே கை தட்டினேன்.

அப்புறம் கம்பெனி அதிகாரி திரையில் உன் படத்தைப் போட்டார். சுவர் அகலத்துக்கு அந்த நீலக் கோடு. "குழிக்கு மிக அருகில் இருக்கும் கிணற்றிலேயே நீர்மட்டம் உயர்ந்திருக்கிறது" என்றார். நான் எழுந்தேன்.

"சார், அது என் கிணறு. அதுல இருக்கறது ஊத்துத் தண்ணி இல்ல. உங்க லாரி கொட்டற தண்ணி. நாடா வச்சவர்கிட்ட நான் சொல்லல. பெருமைக்கு மறைச்சது என் தப்பு. இப்பச் சொல்றேன்" என்றேன்.

கூடத்தில் ஒரே கூச்சல். தலைமை வகித்த அம்மாள் மேசையைத் தட்டி அடக்கினார். கம்பெனி அதிகாரி சிரித்துக்கொண்டே கேட்டார். "ஊத்து இல்லாத கிணத்துல கொட்டின தண்ணி மட்டும் எப்படிம்மா நிக்கும்? மண்ணு குடிச்சிடாதா?"

"அடியில சிமெண்ட் போட்டிருக்கு."

"யார் போட்டது?"

நானே போட்டேன் என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். ஆறு நாளாகக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்திருந்தேன். அந்த நேரத்தில் வாய் ஒட்டிக்கொண்டுவிட்டது. அப்போது ஆறாவது வரிசையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"நான்தான் போட்டேன்" என்றார் உன் அத்தான். "பம்ப் ஹவுஸ் சிமெண்ட். பதினோரு மூட்டை. கேக்காம எடுத்தேன்."

என்னைப் பார்க்கவே இல்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசாத மனிதர், பேச்சை நிறுத்தவே இல்லை.

"சார், மூணாம் நம்பர் மோட்டார் நான் ஓட்டறது. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி வெளிய போகுதுன்னு என் கையால எழுதறேன். முப்பது வருஷப் புத்தகம் அங்க இருக்கு, எடுத்துப் பாருங்க. எறைச்சதால ஊர்த் தண்ணி குறையவே இல்லன்னு படம் போட்டுக் காட்டறீங்க. அப்போ நான் முப்பது வருஷமா எதை சார் எறைச்சேன்?"

அந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

தலைமை அம்மாள் கூட்டத்தை நிறுத்திவிட்டு நேராக நம் வீட்டுக்கு நடந்து வந்தார். பின்னால் பாதி ஊர். நாடாக்காரரும் வந்தார், பாவம், முகம் செத்துப்போயிருந்தது. நாடாவை விட்டார். அதன் நுனிக் குண்டு போய்ச் சிமெண்டில் டங் என்று இடித்தது. அந்தம்மாள் அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஊரின் எல்லாக் கிணறுகளையும் ஆறு மாதம் புதிதாக அளக்க வேண்டும், அதுவரை நீட்டிப்புக்கு அனுமதி கிடையாது என்று உத்தரவு வந்திருக்கிறது. அதற்குப் பிறகு கொடுப்பார்களோ மாட்டார்களோ, தெரியாது. லாரி நின்றுவிட்டது. குழிச் சட்டைகளும் நின்றுவிட்டன. ஆஸ்பத்திரி விரிப்பு மட்டும் வருகிறது. தெருமுனைக் குழாயில் பிடித்துத் துவைக்கிறேன். டீக்கடைக்காரர் முகம் கொடுப்பதில்லை.

உன் அத்தானை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். விசாரணையாம். வீட்டில் உட்கார்ந்து விரிப்பு மடித்துத் தருகிறார். அந்த மடிப்பைப் பார்த்தால் இவரைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று நானே சுரங்கத்துக்கு மனு எழுதிவிடுவேன் போலிருக்கிறது. "சும்மா இருன்னு எனக்குச் சொல்லிட்டு, நீங்க ஏன் எழுந்தீங்க?" என்று கேட்டேன். கையிலிருந்த விரிப்பைக் கோணலாக மடித்து அடுக்கினார். "அந்தக் கோட்டைப் பாத்ததும் எரிச்சலா வந்துச்சு" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு அவர் மேல் வந்த பிரியத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், பட்டன் தைக்கிறேன் பேர்வழி என்று முற்றத்தில் போய் உட்கார்ந்து அழுதேன்.

போன வாரம் கடப்பாரையோடு இறங்கிச் சிமெண்டைப் பெயர்த்துவிட்டார். உன் கால் தடமும் போயிற்று. கீழே ஈரம்கூட இல்லை. இனி நானே அளக்கப்போகிறேன். கொடிக்கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு போட்டு, நுனியில் பழைய இஸ்திரிப்பெட்டியின் கைப்பிடியைக் கட்டியிருக்கிறேன். முதல் செவ்வாய் தோறும் பத்து மணிக்கு அளந்து உனக்கு எழுதுவேன். வேலை இருந்தாலும் போனாலும் நீ அதை வரைய வேண்டும்.

இந்த மாத அளவு இதோ. ஐம்பத்தெட்டு முடிச்சு. காய்ந்த மண்.

கோட்டை அங்கேயிருந்து ஆரம்பி. மூலையில் உன் மீன்வால் கையெழுத்தையும் போடு. இந்தத் தடவை பெரிதாகவே போடு.

உன் அக்கா